பழைய ஓடி பாக்கிக்கு வசூல்காரர் கூப்பிட்டால்: தொகைக்கு முன் தேதியைப் பாருங்கள்

என் சித்தப்பா பினாங்கு லெபோ பாசாரில் தையல் கடை வைத்திருந்தார். கடைக்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட், அதோடு பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் எடுத்துக்கொள்ள வங்கி விடும் கடன். எல்லோரும் சொல்வதுபோல அவருக்கும் அது 'ஓடி'தான். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு துணி எடுக்க ஓடியில் இறங்குவார், பண்டிகை முடிந்ததும் ஏற்றிவிடுவார். 2009இல் கடையை மூடியபோது ஏற்ற முடியவில்லை. வீட்டையும் மாற்றிக்கொண்டு பட்டர்வொர்த் பக்கம் வந்துவிட்டார்.

2019இல் ஒரு நாள் காலையில் போன். பேசியவர் தமிழர்தான், மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, உங்க பழைய ஓடி இப்ப இருபத்து மூவாயிரத்துச் சொச்சத்துல நிக்குது. கேஸ் போடப் போறாங்க. நான் உங்களுக்காகப் பேசிப் பாக்கறேன். இன்னிக்கு ஒரு ஐம்பது வெள்ளி மட்டும் போட்டு வைங்க, கட்டுற எண்ணம் இருக்குன்னு தெரியட்டும்."

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஐம்பது வெள்ளி நோட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த மெஷின்ல காசு போடுறது எப்படி?" நான் ஜார்ஜ்டவுனில் ஒரு லாயர் ஆபீசில் பல வருடம் கிளார்க்காக இருந்தவள். "சித்தப்பா, போடாதீங்க. நான் வர்ற வரைக்கும் வீட்டிலேயே இருங்க" என்றேன்.

அந்த ஐம்பது வெள்ளி ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கீழே சொல்கிறேன். இப்படியொரு அழைப்பு முதல்முறையாக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில், கோலாலம்பூரில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். சபா, சரவாக்கில் காலவரம்புச் சட்டம் (வழக்குப் போட எத்தனை வருடம் அவகாசம் என்று சொல்லும் சட்டம்) வேறு. இது வங்கிக் கடனைப் பற்றியது. வட்டி முதலைகளிடம் வாங்கிய கடனுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே மிரட்டல் வந்தால் முதல் வேலை போலீஸ் ரிப்போர்ட்.

முதல் அழைப்பு வந்த அன்று

பேசுங்கள், ஆனால் கேள்வி கேட்பவர் நீங்களாக இருங்கள். உங்கள் பெயர் என்ன, எந்த நிறுவனம், எந்த வங்கிக்காகப் பேசுகிறீர்கள், எந்தக் கணக்கு? பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். பிறகு ஒரே வாக்கியம் போதும்: "எதுவானாலும் கடிதமாக அனுப்புங்க, பாத்துட்டு எழுத்துல பதில் சொல்றேன்." அவ்வளவுதான், போனை வைத்துவிடலாம்.

ஐசி (அடையாள அட்டை) நம்பர், வேலை செய்யும் இடம், சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது, பிள்ளைகளின் போன் நம்பர் எதையும் சொல்ல வேண்டாம். "ஆமாங்க, என் கடன்தான், கட்டிடறேன்" என்றும் சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பில் இன்னும் கவனம் தேவை. "சம்பளம் வந்ததும் கொஞ்சம் போடறேன்" என்று நீங்கள் தட்டிய ஒரு வரியைப் பிறகு எழுத்துமூல ஒப்புதல் என்று வாதிட இடமிருக்கிறது.

அடுத்து, ஆள் உண்மையானவரா என்று பாருங்கள். அவர் கொடுத்த நம்பருக்கு அழைக்காதீர்கள். வங்கியின் இணையத்தளத்திலோ கார்டின் பின்பக்கத்திலோ உள்ள நம்பருக்கு அழைத்து, என் கணக்கை இந்த நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தால் 'சுராட் குவாசா', அதாவது வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும், அவருடைய அடையாள அட்டையும் காட்டச் சொல்லுங்கள். தனிநபர் பெயரில் உள்ள கணக்கில் பணம் போடச் சொன்னால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழைக்க வேண்டும்.

பழைய கணக்கில் இன்னொரு குழப்பம் உண்டு. நீங்கள் கடன் வாங்கிய வங்கி இன்று அந்தப் பெயரில் இருக்காது. பினாங்கில் 1935இல் தொடங்கிய பான் ஹின் லீ வங்கி 2000இல் சதர்ன் வங்கியோடு சேர்ந்தது. சதர்ன் வங்கி 2006இல் இன்றைய சிஐஎம்பிக்குள் போனது. பசிபிக் வங்கி மேபேங்கோடும், சைம் வங்கி ஆர்எச்பியோடும், இயோன் வங்கி 2011இல் ஹொங் லியோங்கோடும் இணைந்தன. ஆகவே கேள்விப்படாத வங்கியின் பெயரில் கடிதம் வந்தால் அதனாலேயே பொய் என்று தூக்கிப் போடாதீர்கள். பழைய செக் புத்தகத்தில் என்ன பெயர் இருக்கிறது, அது இப்போது எந்த வங்கி என்று பாருங்கள்.

தேதி

இதுதான் இந்த விஷயத்தின் உயிர். வசூல்காரர் தொகையைப் பற்றியே பேசுவார். நாமும் பயத்தில் தொகையையே பார்ப்போம். பார்க்க வேண்டியது மூன்று தேதிகளை: கணக்கில் நீங்கள் கடைசியாகப் பணம் போட்டது எப்போது, வங்கி ஓடியை நிறுத்தி முழுத் தொகையையும் கேட்டுக் கடிதம் அனுப்பியது எப்போது, நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது இருந்தால் அது எப்போது.

1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம்தான் அவகாசம். ஓடி என்பது வங்கி கேட்டால் திருப்பித் தர வேண்டிய கடன் என்பதால், பெரும்பாலும் அந்தக் கேட்புக் கடிதத்தின் தேதிதான் முக்கியமாகிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதம் வரலாம், அந்த இடத்தை லாயர் பார்க்கட்டும். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்து எடுத்த ஓடி என்றால் கணக்கே வேறு. இந்தக் கட்டுரையோடு நிற்காமல் நேராக லாயரிடம் போங்கள்.

இப்போது அந்த ஐம்பது வெள்ளிக்கு வருகிறேன். அதே சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, கடனாளி கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலோ ஆறு வருடக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஐந்தே முக்கால் வருடம் ஓடிய கடிகாரத்தை ஐம்பது வெள்ளி பூஜ்யத்துக்குத் திருப்பிவிடும். தேதிகள் கையில் வருவதற்கு முன் ஒரு சென்கூடப் போடாதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்வது இதனால்தான்.

கடனைக் கட்டாமல் தப்பிக்க வழி சொல்லிக் கொடுக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். வாங்கியதைக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எவ்வளவு, யாரிடம், எந்தக் கணக்கில், எதற்கு ஈடாக என்று தெரிந்து கட்டுவது வேறு. பதற்றத்தில் மெஷினில் நோட்டைச் செருகுவது வேறு. வட்டி மேல் வட்டி ஏறி நிற்கும் தொகையைக் கேட்டு, வாங்கிய ஓய்வுப் பணத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் கடந்துவிட்டால் கடன் அழிந்துவிடுமா? அழியாது. வங்கி கேட்கலாம், கடிதம் அனுப்பலாம். வழக்கில் ஜெயிக்கும் உரிமைதான் போகிறது, அதுவும் தானாகப் போகாது. சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, காலம் கடந்துவிட்டது என்பதை நீங்கள் எதிர்வாதத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். பழைய கடன்தானே என்று சம்மனைக் கிடப்பில் போட்டால், நீதிபதி உங்களுக்காக அதை எழுப்ப மாட்டார். ஆஜராகாதவர் மேல் தீர்ப்பு விழுந்துவிடும்.

தீர்ப்பு விழுந்துவிட்டால் அவகாசம் பன்னிரண்டு வருடம். ஆகவே உங்களுக்கே தெரியாமல் தீர்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிடாதீர்கள். வீடு மாறியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. சம்மனைக் கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், ஆள் கிடைக்காவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு பத்திரிகையில் விளம்பரம் போட்டும் சம்மனைச் சேர்த்ததாக ஆக்கலாம். நீங்கள் ஒன்றையுமே பார்த்திருக்க மாட்டீர்கள். பினாங்கில் லெபோ லைட், கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகங்களில் வழக்குத் தேடல் செய்யலாம். ஒரு லாயரின் கிளார்க் உங்கள் பெயரை வைத்துத் தேடித் தருவார். ஒரு லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தேடல் இரண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை 'இ-சிசிரிஸ்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வங்கிகள் உங்கள் பெயரில் வைத்திருக்கும் கடன்களும் கடந்த 12 மாதத் தவணை நிலவரமும் அதில் இருக்கும். சிடோஸ் கடன் விவரங்களைத் திரட்டும் தனியார் நிறுவனம். அதன் அறிக்கையில் வழக்கு, திவால் விவரங்களும் வரும்.

கடிதம்

தேதிகள் உங்களிடம் இல்லையென்றால் வசூல் நிறுவனத்திடமே கேட்டு வாங்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கக் கடிதம் போதும். தலைப்புக்கு மேலே 'தான்பா பிரெஜுடிஸ்' (என் உரிமைக்குப் பாதகமில்லாமல்) என்று எழுதுங்கள். முதல் வரியிலேயே, இந்தக் கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது என்று சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: வங்கி வசூல் நிறுவனத்துக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், ஓடி கொடுத்தபோது கையெழுத்தான ஒப்பந்தம், கடைசியாகப் பணம் போட்ட நாளிலிருந்து கணக்கு அறிக்கை, முழுத் தொகையையும் கேட்ட கடிதத்தின் நகல், வழக்கு இருந்தால் அதன் எண். கடனை வேறு நிறுவனம் வங்கியிடமிருந்து வாங்கிவிட்டது என்றால், கைமாறியதை உங்களுக்கு எழுத்தில் அறிவித்த கடிதத்தின் நகலும் வேண்டும். நகல் ஒன்றை வங்கிக்கும் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

சித்தப்பா வீட்டில் இந்தக் கட்டம் கொஞ்சம் எளிதாக முடிந்தது. சித்தி எதையும் தூக்கிப் போடாதவர். அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். துணிக்கடை பில், பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டு, தண்ணீர் பில் எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பேறிய ஒரு கவர். வங்கியின் லாயர் அனுப்பியது, மார்ச் 2010 தேதி, பதினோராயிரத்து நானூறு வெள்ளியை 14 நாளில் கட்டச் சொல்லி. பாஸ்புக் அளவுக்கு மடிந்திருந்த கணக்கு அறிக்கையில் கடைசி வரவு ஆகஸ்ட் 2009. நீதிமன்றத்தில் தேடியதில் வழக்கு எதுவும் இல்லை. ஒன்பது வருடம் கடந்திருந்தது. லாயர் ஒரு கடிதம் எழுதினார், அதன் பிறகு போன் வரவில்லை.

எல்லோருக்கும் இப்படி முடியாது. பிறையில் என் பக்கத்து வீட்டு அக்கா சமையல் கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய ஓடிக்கு 2016இல் அவர் ஆஜராகாமலேயே தீர்ப்பாகியிருந்தது. 2023இல் வசூல்காரர் கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் என்று விதி இருக்கிறது. அதனால் தெரிந்த அன்றே லாயரைப் பார்க்க வேண்டும். அக்கா அதற்குப் போகாமல் பேரத்துக்குப் போனார். ஆறு வருடம் கடந்த தீர்ப்பை வைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்ய வங்கி மறுபடியும் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும் என்பது பேச்சுவார்த்தையில் அவருக்குக் கைகொடுத்தது.

மிரட்டலில் எது வெறும் காற்று

"பெங்க்ரப்ட் ஆக்கிடுவோம்" என்பதுதான் அதிகம் கேட்பது. திவால் மனு போட, தீர்ப்பான கடன் குறைந்தது ஒரு லட்சம் ரிங்கிட் இருக்க வேண்டும். முன்பு 30,000, 2017இல் 50,000, கோவிட் காலத்தில் ஒரு லட்சமாக உயர்ந்து அதுவே நிலைத்துவிட்டது. தீர்ப்பே இல்லாத இருபதாயிரத்துக்கு இப்படி மிரட்டினால் அது காற்று.

"ஏர்போர்ட்டில் நிறுத்துவோம்", "போலீசில் பிடித்துக் கொடுப்போம்" என்பதும் அப்படித்தான். வங்கிக்கு ஓடி பாக்கி வைத்திருப்பது போலீஸ் வழக்கு அல்ல. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு உங்கள் வருமானத்தை விசாரிக்க நீதிமன்றம் அனுப்பும் சம்மனுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரை போகும். நீதிமன்ற முத்திரை உள்ள எந்தத் தாளும் விளையாட்டில்லை. ரிட் சம்மன் (வழக்கைத் தொடங்கும் நீதிமன்றத் தாள்) கைக்கு வந்தால் ஆஜராவதாகப் பதிவு செய்ய 14 நாள்தான். வசூல் நிறுவனத்தின் சிவப்பு எழுத்துக் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியவில்லையென்றால், தாளை எடுத்துக்கொண்டு அன்றே ஒரு லாயரிடமோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ காட்டுங்கள்.

"வீட்டுச் சாமான்களைத் தூக்கிடுவோம்." வசூல்காரர் தூக்க முடியாது. நீதிமன்ற பெய்லிஃப், பறிமுதல் உத்தரவோடு வந்தால் மட்டுமே முடியும். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் இருக்கும் பணத்தையும் கடனுக்காகப் பறிக்க முடியாது, இபிஎஃப் சட்டத்தின் 51ஆவது பிரிவு அதைப் பாதுகாக்கிறது. வெளியே எடுத்து வங்கியில் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

காற்றில்லாத ஒன்றும் உண்டு. கடன் இருக்கும் அதே வங்கியில் சம்பளமோ சேமிப்போ வைத்திருந்தால், வங்கி அதை எடுத்துக் கடனில் கழித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். தகராறு தீரும் வரை சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றச் சொல்லி ஆபீசில் படிவம் கொடுத்துவிடுங்கள்.

எல்லை மீறினால்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததைச் சொன்னால் இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது. சமையல் கான்ட்ராக்டை விட்டுவிட்டு அப்போது அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. வசூல்காரர் சூப்பர்வைசரையே கூப்பிட்டு, "உங்க ஸ்டாஃப் கடன் வாங்கி ஏமாத்தறாங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா லாக்கர் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். வங்கிக்காக வசூலிப்பவர் உங்கள் கடனை மூன்றாம் ஆளிடம் பேசக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது. அவர் செய்வதற்கு வங்கியும் பொறுப்பு.

அதனால் புகாரை முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். தேதி, நேரம், போன் நம்பர், சொன்ன வார்த்தை எல்லாம் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் படங்களையும் சேருங்கள். பதில் திருப்தியில்லை என்றால் பேங்க் நெகாராவின் புகார்ப் பிரிவான பிஎன்எம்லிங்க், தொலைபேசி 1-300-88-5465. பணத் தகராறு என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பு) சேவையும் உண்டு, வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அடிப்பேன், பிள்ளையைப் பள்ளியில் வந்து பார்ப்பேன் என்ற அளவுக்குப் போனால் எந்த பாலாயிலும் (போலீஸ் நிலையத்திலும்) ரிப்போர்ட் செய்யலாம், அது குற்றவியல் சட்டத்தின் 506ஆவது பிரிவு. வசூல் நிறுவனங்களையும் வாராக்கடன் வாங்கும் நிறுவனங்களையும் கண்காணிப்புக்குக் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டத்துக்கு 2025இல் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்தி.

கட்டுவது என்று முடிவு செய்தால்

காலவரம்புக்குள் இருக்கிறது, அல்லது தீர்ப்பு இருக்கிறது, அல்லது மனசாட்சிக்காகக் கட்ட விரும்புகிறீர்கள். நல்லது. வசூல்காரரிடம் பேரம் பேசினாலும் முடிவை வங்கியின் தாளில் வாங்குங்கள்: இவ்வளவு தொகை, இந்தத் தேதிக்குள், இதோடு கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்று. 'முழுமையாக' என்ற சொல் இல்லாத கடிதத்துக்குப் பணம் கட்டாதீர்கள், மீதியை இன்னொரு நிறுவனம் கேட்டு வரும். ஏறிய வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பழைய கடனில் வங்கிகள் தள்ளுபடி கொடுப்பது வழக்கம்தான். பணத்தை வங்கியின் கணக்கிலேயே கட்டுங்கள், ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஒரே வங்கி அல்ல, கிரெடிட் கார்டு, கார் கடன் என்று பல பக்கம் நெருக்குகிறது என்றால் ஏகேபிகே. 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய அமைப்பு, ஆலோசனைக்குக் காசு கிடையாது, தொலைபேசி 03-2616 7766. கடன்களைச் சேர்த்து மாதம் உங்களால் முடிந்த தவணையாக வங்கிகளோடு பேசித் தருவார்கள். ஏகேபிகே கடன் கொடுப்பதில்லை. அதன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே போடும் கையெழுத்தும் கடனை ஒப்புக்கொள்வதுதான், தேதிகளைப் பார்த்த பிறகே போங்கள். அக்கா தன் கடனை 24 தவணையில் முடித்தார்.

கட்டி முடித்ததும் தீர்வுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தீர்ப்பு இருந்திருந்தால், அது தீர்ந்துவிட்டது என்று வங்கியின் லாயரிடமும் ஒரு கடிதம். ஓரிரு மாதம் கழித்து சிசிரிஸைத் திறந்து கணக்கு மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

கடனாளி இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் வங்கி கேட்க முடியும். ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவி மக்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. துக்க வீட்டுக்கே வந்து, "அப்பா பேரு கெடாம இருக்க இதுல ஒரு சைன் போடுங்கம்மா" என்று தாளை நீட்டுபவர்கள் உண்டு. அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கருமாதி முடிந்து லாயரிடம் காட்டும் வரை பேனாவைத் தொடாதீர்கள்.